ரேகை விழாத விரல்

பஹாவ் பட்டணத்தில், பதிவு இலாகாவுக்கு எதிரே
என் நகல் கடை.
பக்கத்துக்கு இருபது சென்.
பாரம் நிரப்பித் தர மூன்று வெள்ளி.
தென் துருவம்வரை நடந்து போனவளுக்கு
நேற்று ஒரு பாரம் நிரப்பினேன்.

மங்களேஸ்வரி.
அஞ்சாம் டிவிஷன், பால் கொட்டகைக்குப் பின் லயம்.
பள்ளியில் எனக்கு முன் பெஞ்சு.
அப்பா ஐஸ் ஃபேக்டரி லோரியில் கிளீனர்.
மரத்தூள் போர்த்திய பாளங்களை
மீன்கடை வாசலில் இறக்குவார்.
விடுமுறையில் இவளும் லோரியில் இருப்பாள்.
பாளத்தின் நடுவே வெள்ளையாய் ஒரு முதுகெலும்பு ஓடுமே,
அது என்ன சார் என்று வகுப்பில் கேட்டாள்.
சார் ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னார்.

காற்று.
உறையும்போது வெளியேற வழி தெரியாத காற்று.
இதை அவள் எனக்கு நேற்றுத்தான் சொன்னாள்,
நகல் இயந்திரம் சூடாகக் காத்திருந்தபோது.
மனிதர் மூச்சு கலக்காத காற்றைப்
பனியைத் துளைத்து மேலே எடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.
பிறகு துளைக்கிற வேலை போதுமென்று
சறுக்குவண்டியை இடுப்பில் கட்டி இழுத்தாள்,
ஐம்பத்தொரு நாள்.

"பயமாயில்லையா?"
"அம்மாவுக்குப் பின்னாடி நிரையில நடந்திருக்கேன்ல,
விடியாத இருட்டுல, நெத்தி விளக்கோட.
அதே நடைதான்.
என்ன, அங்க எண்ணிக்கிட்டுப் போக மரம் இல்ல."

அம்மா கருமாதிக்கு வரவில்லையென்று
லயத்தில் பேசினார்கள்.
நானும் சேர்ந்துதான் பேசினேன்.
அந்த மாதம் அங்கே விமானம் இறங்காதாம்,
இரவும் விடியாதாம்.
எங்களில் யாருக்குத் தெரியும்?

அடையாள அட்டை எங்கே தொலைந்தது?
"பனிப்பிளவுக்குள்ள" என்றாள்.
எழுதினால் ஆயிரம் கேள்வி வரும்;
'பயணத்தில்' என்று போட்டேன்.
தொழில்?
கட்டம் கட்டைவிரல் அகலம்தான்.
'ஸ்வஸ்தா' என்று எழுதினேன்: தனியார் துறை.
வெகுநேரம் சிரித்தாள்.
கீழ் உதட்டில் பழைய வெடிப்பு ஒன்று
சிரிப்பைச் சற்றுக் கோணலாக்கியது.

கவுண்டரில் ரொஹானா.
கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு.
துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு.
மற்றக் கை. சிவப்பு.
தேய்ந்த சோப்புக்கட்டிபோல் நுனிகள்;
குளிர் தின்று
திருப்பித் தந்த தோல்.

ரொஹானா கனிவாகத்தான் கேட்டாள் மலாயில்:
"கெத்தா வெட்டுறீங்களா அக்கா?
பால் உறையவைக்கிற அமிலம் பட்டுப் பட்டு
நிறையப் பேருக்கு இப்படித்தான் ரேகையே இருக்காது.
வாரத்துக்கு நாலு பேராவது வருவாங்க."

நான் வாய் திறந்தேன்.
துருவம் என்பதற்கு மலாயில் என்ன சொல்?
அது நினைவுக்கு வருமுன்
"ஆமாம்" என்றாள் மங்களேஸ்வரி.
"எந்தத் தோட்டம்?"
"அஞ்சாம் டிவிஷன்."
அது இப்போது செம்பனை.
ரொஹானாவுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.
விரல் விதிவிலக்கு என்று முத்திரை குத்தினாள்.

கடைக்குத் திரும்பி வந்து ஐந்து வெள்ளித் தாள் நீட்டினாள்.
வேண்டாமென்றேன். கேட்கவில்லை.
மீதியை ஐம்பது காசுகளாய் மேசையில் வைத்தேன்.
விரலால் கிள்ளி எடுக்க வரவில்லை அவளுக்கு.
ஒவ்வொன்றாய் விளிம்புவரை இழுத்து
உள்ளங்கையில் விழவைத்தாள்.

ஆ சொங் மளிகைக் கடையில்
நான் சாமான் கட்டிக்கொண்டிருந்த காலம்,
சம்பள நாள் சாயங்காலங்களில்
அவள் அம்மாவும் சில்லறையை இப்படித்தான் எடுப்பாள்.
பின்னால் வரிசை முணுமுணுக்கும்.
சீக்கிரம், சீக்கிரம் என்பேன் நான்.

நேற்று சொல்லவில்லை.
நான்கு காசு.
நான்காவது தவறித் தரையில் உருண்டது.
இருவருமே குனிந்தோம்.